இறந்ததென்று எண்ணிய இலிதியம்

சென்ற மாரிகாலத்தில் ஒரு சனிக்கிழமை, ஒன்பதாம் ஆண்டு மாணவர்களுக்குக் கலைச்சொற்களைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். மின்கலம், மின்வாய், மின்பகுபொருள் என்று கரும்பலகையில் எழுதியதும், பின்வரிசை மாணவன் ஒருவன் தன் கைத்தொலைபேசியை உயர்த்திக் காட்டினான். “சேர், இரண்டு வருசத்திலயே இதின்ர பற்றரி செத்துப்போச்சு. செத்த பற்றரிக்குத் திரும்ப உயிர் வருமோ?” என்று வினவினான். வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1990 இல் பொருளாதாரத் தடை வந்தபோது நான் யாழ்ப்பாணத்தில் சிறுவன். தடைசெய்யப்பட்ட பொருள்களுள் பற்றரியும் ஒன்று. தீர்ந்துபோன பற்றரிகளை அப்பா வெயிலிற் காயவைப்பார். மாலையில் அவற்றை வானொலியில் இட்டால் சிறிது நேரம் குரல் வரும். அதுவும் நின்றுவிட்டால் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, டைனமோ சுழலும்படி நான் பெடலைக் கையாற் சுற்றுவேன். (இன்றைய இலிதியம் மின்கலங்களை எவரும் வெயிலிற் காயவைத்தலாகாது; தீப்பற்றக்கூடும்.) பின்னாளில் விஞ்ஞான ஆசிரியனாகிய எனக்கு, “செத்தது” என்ற சொல்லின்மேல் அன்றே ஓர் ஐயம் விழுந்துவிட்டது.

மாணவனுக்கு நான் கூறிய விடையை இங்கு விரித்து எழுதுகின்றேன்.

உலோகங்களுள் மிக இலேசானது இலிதியம். அதன் ஒரு கிராம் ஏறத்தாழ 3860 மில்லிஅம்பியர்-மணி மின்னேற்றத்தைத் தரவல்லது. நம் தொலைபேசி மின்கலங்களில் எதிர்மின்வாயாக உள்ள காரீயமோ, கிராமுக்கு 372 மட்டுமே தரும். பத்து மடங்கு வேறுபாடு! எனினும் இலிதியம் உலோகத்தை ஏன் நேரடியாகப் பயன்படுத்தவில்லை?

1970களில் ஸ்ரான்லி விற்றிங்ஹம் அதனைத்தான் செய்தார். ஆனால், மின்னேற்றும்போது திரும்பிவரும் இலிதியம் சமதளமாகப் படியாமல் முட்களைப் போலவும் பாசியைப் போலவும் வளர்ந்தது. முள் மறுபுற மின்வாயைத் தொட்டால் குறுஞ்சுற்றும் தீயும் உண்டாகும். 1985 இல் யப்பானில் அகிரா யொஷினோ உலோகத்தை விலக்கிக் கரிப்பொருளை எதிர்மின்வாயாக்கினார். 1991 இல் இலிதியம் அயன் மின்கலம் விற்பனைக்கு வந்தது. இவ்விருவருக்கும் ஜோன் குடினஃப் அவர்களுக்கும் 2019 இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அன்று விலக்கப்பட்ட உலோகத்தைத்தான் ஆய்வாளர் மீண்டும் நாடுகின்றனர்.

தீ கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. தெரியாத இழப்பு ஒன்றும் உண்டு. இலிதியம் மின்பகுபொருளுடன் தாக்கமுற்று, தன்மேல் ஒரு மெல்லிய படலத்தை ஆக்கிக்கொள்ளும். அப்படலம் காப்பானதே. ஆயினும் ஏற்றும்போதும் இறக்கும்போதும் உலோகம் பெருத்துச் சிறுக்க, படலம் வெடிக்கும். புதுப் படலத்துக்கு மேலும் இலிதியம் செலவாகும். சில இழைகள் அடியிலேயே கரைந்துவிட, நுனிகள் படலத்தாற் போர்த்தப்பட்டு மின்வாயினின்றும் பிரிந்து தனித்து நிற்கும். இவற்றையே “இறந்த இலிதியம்” என்பர்.

கரும்பலகையில் ஒரு கணக்குச் செய்தோம். ஒவ்வொரு சுற்றிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு திரும்பினால், நூறு சுற்றின் பின் எஞ்சுவது ஏறத்தாழ 37 பங்கே. 99.9 பங்கு திரும்பினால் 90 பங்கு எஞ்சும். அந்தத் தசமத்துக்காகவே இத்தனை பாடு. புளோரின் கொண்ட மின்பகுபொருளால் படலத்தை உறுதியாக்குகின்றனர். இலிதியம் நைத்திரேற்றைச் சேர்க்கின்றனர். கலத்தை அழுத்தத்தில் வைக்கின்றனர். திரவத்துக்குப் பதிலாகத் திண்மத்தை இடுகின்றனர்.

என்னை மிகவும் கவர்ந்தவை ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் இரு ஆய்வுகள். இறந்ததெனக் கருதிய துண்டுகள் மின்புலத்தில் ஒரு முனை கரைந்து மறுமுனை வளர, புழுவைப் போல் ஊர்கின்றன என 2021 இல் காட்டினர். ஏற்றிய உடனே சிறிது நேரம் விரைவாக இறக்கியபோது அவை மின்வாயைச் சென்றடைந்தன. சோதனைக் கலத்தின் ஆயுள் ஏறத்தாழ 30 வீதம் கூடிற்று. 2024 இல் வெளிவந்த ஆய்வு இதனினும் எளியது. கலத்தை முற்றாக இறக்கி, ஒரு மணிநேரம் ஓய்வாக விட்டனர். துண்டுகளைச் சூழ்ந்த படலத்தின் ஒரு பகுதி கரைந்துபோக, அடுத்த ஏற்றத்தில் அவை மீண்டும் இணைந்தன. அத்துண்டுகள் இறக்கவில்லை, தொடர்பைத்தான் இழந்திருந்தன.

“அப்ப என்ர பற்றரி?” என்றான் மாணவன். “உன்னுடையது வேறு வகை, தம்பி. புதிதுதான் வாங்கவேண்டும்” என்றேன். வகுப்பு மறுபடியும் சிரித்தது.

அன்று நான் அவனிடம் கூறாத ஒன்றை இம்மலரிற் கூறிவிடுகின்றேன். அவன் இடையில் இரண்டு ஆண்டுகள் தமிழ் வகுப்புக்கு வரவில்லை. இனி வரமாட்டான் என்றெண்ணி, இடாப்பில் அவன் பெயரைச் சிவப்பு மையால் வெட்டியவன் நானே. ஊரிலிருந்து வந்த அம்மம்மாவுடன் பேச முடியாது தவித்து, அவன் தானாகவே திரும்பி வந்தான். இன்றும் எழுத்துப்பிழை விடுகின்றான். ஆனால் கேள்வி கேட்கின்றான்.

இவ்வாண்டு இடாப்பில் வராதோர் ஐவர் உள்ளனர். அவர்களுடைய பெயர்களை நான் வெட்டவில்லை. விழா முடிந்ததும் அவர்தம் வீடுகளுக்குச் சென்றுவர எண்ணியுள்ளேன்.