விருந்தாளி மாணவர்கள்

2005 ஆகஸ்ட் 27, சனிக்கிழமை. நியூ ஆர்லியன்ஸின் டுலேன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டுப் பிள்ளைகள் விடுதியில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். கத்ரீனா புயல் வருகிறது, எல்லோரும் கிளம்புங்கள் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார் பல்கலைக்கழகத் தலைவர் ஸ்காட் கவன். காரோடு பெற்றோர் நின்றிருந்த பிள்ளைகள் பெட்டியை மறுபடி ஏற்றிக்கொண்டார்கள். போக்கிடம் இல்லாத சில நூறு பேரைப் பேருந்தில் மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சனுக்குக் கூட்டிப்போனார்கள். புயல் அங்கேயும் வந்து கரண்டைப் பிடுங்கியது.

திங்கட்கிழமை நியூ ஆர்லியன்ஸின் வெள்ளத்தடுப்புக் கரைகள் உடைந்து, நகரத்தின் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீருக்குள் போயிற்று. டுலேன், லயோலா, சேவியர், டில்லார்ட் பல்கலைக்கழகங்கள் எல்லாம் அந்தக் கல்விப் பருவம் முழுக்க மூடிக் கிடந்தன.

நாங்கள் ஹூஸ்டன்வாசிகள். அந்த வாரம் எங்கள் ஊர் தமிழ் வீடுகளில் யாராவது ஒரு பையன் ஹாலில் படுத்திருந்தான். எங்கள் வீட்டுக்கு வந்தவன் நியூ ஆர்லியன்ஸ் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படித்த தஞ்சாவூர்ப் பையன். பாஸ்போர்ட்டும் மாணவர் விசாவுக்கான ஐ-20 தாளும் வைத்திருந்தான், மாற்றுத்துணி இல்லை. அதுதான் புத்திசாலித்தனம். சட்டை எங்கேயும் கிடைக்கும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அப்போது நடந்துகொண்ட விதத்தை இன்னும் மெச்சுகிறேன். கதவைத் திறந்தது பெரிதில்லை. இந்த நாட்டில் பேரிடர் என்றால் கதவைத் திறப்பார்கள். என்னென்ன நிபந்தனையோடு திறந்தார்கள் என்பதுதான் விஷயம். வருகிறவர்களை ‘வருகை மாணவர்கள்’ என்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், நிரந்தரமாக இழுத்துக்கொள்ளாதீர்கள் என்று உயர்கல்வி அமைப்புகள் கேட்டுக்கொண்டன. சொந்தக் கல்லூரியில் பணம் கட்டியவனிடம் மறுபடி வாங்கக்கூடாது. கட்டாதவனிடம் அந்தக் கல்லூரியின் கட்டணத்தை வாங்கி அதற்கே அனுப்பிவிட வேண்டும். வெள்ளத்தில் கிடக்கும் கல்லூரிக்குக் கட்டடத்தைவிடக் கட்டணம் முக்கியம். அது நின்றால் சம்பளம் நிற்கும். ஆசிரியர்கள் வேறு வேலை பார்த்துப் போய்விட்டால், தண்ணீர் வடிந்த பிறகு திறக்க என்ன இருக்கும்? நல்ல மாணவன் தானாக வாசலுக்கு வரும்போது ‘ஜனவரியில் திரும்பிப் போ’ என்று சொல்லிச் சேர்த்துக்கொள்ள ஒரு பெருந்தன்மை வேண்டும்.

டுலேனின் மருத்துவ மாணவர்கள் ஹூஸ்டன் பேய்லர் மருத்துவக் கல்லூரியில் படித்தார்கள். லயோலா சட்டக் கல்லூரி ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் வகுப்பு நடத்தியது. ஸ்லோன் அறக்கட்டளையின் உதவியில் இணையவழிப் பாடங்கள் இலவசமாகக் கிடைத்தன.

எங்கள் வீட்டுக்கு வந்த பையனுக்கு அந்த இணையவழிதான் சிக்கல். அவன் பல்கலைக்கழகம் அக்டோபரிலேயே இணையத்தில் பாடம் தொடங்கிவிட்டது. ஆனால் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவனுக்கு ஒரு பருவத்தில் ஓர் இணையப் பாடம்தான் கணக்கில் சேரும். மற்றதெல்லாம் வகுப்பில் உட்கார்ந்து படித்தாக வேண்டும். புயலில் தப்பித்தவன் விதியில் மாட்டிக்கொண்டான். மாணவர் விசா விதிகள் சிலவற்றைத் தளர்த்தும் அரசு அறிவிப்பே நவம்பரில்தான் வந்தது. அதற்குள் அவன் இங்கேயே ஒரு பல்கலைக்கழகத்தில் வருகை மாணவனாகச் சேர்ந்திருந்தான். “கவலைப்படாதீங்கக்கா, கிரெடிட் அங்க ஏறிடும்” என்று எனக்கு அவன்தான் தைரியம் சொன்னான்.

நடுவில் செப்டம்பரில் ரீட்டா புயல். ஹூஸ்டனே காலி செய்துகொண்டு நெடுஞ்சாலையில் நின்றது. நாங்களும் கொதிக்கும் வெயிலில் ஏசியை அணைத்துவிட்டு, பெட்ரோலைக் காப்பாற்றிக்கொண்டு, அடி அடியாக நகர்ந்தோம். பின்சீட்டில் இருந்தவன், “அக்கா, நான் எங்க போனாலும் பின்னாடியே வருது பாருங்க” என்றான். புயல் கிழக்கே ஒதுங்கிவிட்டது.

எல்லோருக்கும் ஒரே மாதிரி விடியவில்லை. வசதியான டுலேன் 2006 ஜனவரியில் தன் வளாகத்திலேயே திறந்தது. அதுவும் பொறியியல் துறைகள் பலவற்றை மூட முடிவெடுத்த பிறகு. கறுப்பின மாணவர்களுக்காக எழுந்த டில்லார்ட் அந்த ஜனவரிப் பருவத்தை ஆற்றங்கரை ஹில்டன் ஹோட்டலில் நடத்தியது. சதர்ன் பல்கலைக்கழகத்தின் நியூ ஆர்லியன்ஸ் வளாகம் டிரெய்லர்களுக்குள் பாடம் நடத்தியது. நன்கொடையாளர் பட்டியல் நீளமாக இருக்கிற கல்லூரிதான் முதலில் காய்கிறது.

பையன் ஜனவரியில் கிளம்பினான். கோயிலில் பார்த்த நண்பர்கள், ஹூஸ்டனிலேயே மாற்றிக்கொண்டிருக்கலாமே, அந்தப் பாழடைந்த ஊருக்கு யாராவது திரும்புவார்களா என்று என்னிடம் குறைப்பட்டார்கள். படிக்க வந்து அப்படியே தங்கிவிட்டவர்கள்தானே நாமெல்லாம்! அவனுடைய வழிகாட்டிப் பேராசிரியர் வீட்டை இழந்தும் அங்கேயே இருந்தார். ஆராய்ச்சி உதவித்தொகையை நிறுத்தாமல் வைத்திருந்தார். அவன் கணக்கு அவ்வளவுதான். புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் கட்டிக்கொடுத்தேன். அங்கே அப்போது மளிகைக் கடைகள் பாதிதான் திறந்திருந்தன.