நூற்றில் ஒன்று

கோழிக்குத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலந்திருந்தால் அதன் முட்டை இங்கே உதவாது. காசநோய்க் கிருமிக்கு எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்று பார்க்கும் சென்னை ஆய்வகம் ஒன்றில் முதலில் காதில் விழுந்த விஷயம் இதுதான். முட்டைகளை சோப்பு போட்டுக் கழுவி, ஆல்கஹாலில் ஊறவைத்து உடைக்கிறார்கள். கிளிசரால், தாது உப்புகள், மாலகைட் பச்சை சேர்த்து, சாய்த்த குப்பிகளில் 85 டிகிரி சூட்டில் உறைய வைத்தால் கிருமி வளர்க்கும் ஊடகம் தயார். பச்சைச் சாயம் அழகுக்கல்ல, மற்ற கிருமிகளை அடக்குவதற்கு. சோதிக்கும் மருந்தும் சூட்டுக்கு முன்பே கலந்தாக வேண்டும். ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்து இந்தச் சூட்டில் வீரியம் இழப்பதால் மில்லிலிட்டருக்கு 40 மைக்ரோகிராம் போடுகிறார்கள்; திரவ ஊடகத்துக்கு அரை மைக்ரோகிராமே போதும்.

கிருமியைக் கையாளும் அறைக்குள் என்னை விடவில்லை. கண்ணாடிக்கு இப்பால் நின்று பார்த்தேன். உள்ளே காற்றழுத்தம் குறைவு. காற்று உள்ளே போகும், வடிகட்டாமல் வெளியே வராது. என்95 முகக்கவசம் அணிந்த டெக்னீஷியன், கண்ணாடி மணிகள் போட்ட குழாயில் கிருமியைக் குலுக்கிவிட்டு 20 நிமிடம் சும்மா இருந்தார். மேலே நின்றதை வேறு குழாய்க்கு மாற்றிவிட்டு, மறுபடி 15 நிமிடம்.

அவர் வெளியே வந்ததும், ஏன் இந்தக் காத்திருப்பு என்று கேட்டேன். "கிருமி மேல மெழுகு சார், ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். கட்டியெல்லாம் அடியில உக்காரணும். அவசரப்பட்டா கட்டியே மருந்துக் குழாய்க்குள்ள போயிடும். கேக்கற மருந்தைக் கேக்கலைன்னு எழுதிடுவோம்."

கணக்கு அவ்வளவு நுணுக்கமானது. நோயாளியின் கிருமிகளில் 1 சதவீதம் மருந்தை மீறி வளர்ந்தாலே அந்த மருந்து அவருக்கு உதவாது என்று கொள்கிறார்கள். 1960களில் பாரிஸில் ழார்ஜ் கானெட்டி குழுவினர் வகுத்த முறை இது. (எழுத்தாளர் எலியாஸ் கானெட்டியின் தம்பிதான் இவர்.) திரவ ஊடக இயந்திரத்திலும் அதே நூற்றில் ஒன்றுதான்: மருந்தில்லாத குழாயில் நூறு மடங்கு நீர்த்த கிருமி, மருந்துள்ள குழாயில் நீர்க்காதது. இரண்டும் சேர்ந்தாற்போல் வளர்ந்தால் மருந்து தோற்றது. கிருமி ஆக்சிஜனைத் தின்னத் தின்னக் குழாயின் அடிப்பகுதி ஒளிர்வதை இயந்திரம் படித்துக்கொண்டே இருக்கிறது. முட்டை ஊடகத்தில் 28 முதல் 42 நாள் ஆகும் முடிவு, இதில் 4 முதல் 13 நாளில் வந்துவிடும்.

ஜீன்எக்ஸ்பெர்ட் என்ற மரபணுச் சோதனை இரண்டு மணி நேரத்தில் ரிஃபாம்பிசினைப் பற்றிச் சொல்லிவிடுகிறதே, பிறகு எதற்கு இந்தக் காத்திருப்பு? பெடாகுயிலின் போன்ற புதிய மருந்துகளுக்கு எந்த மரபணு மாற்றம் எவ்வளவு தூரம் எதிர்ப்பைத் தரும் என்பது இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. வளர்த்துப் பார்ப்பதைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. இயந்திரங்கள் பெருகினாலும் இந்தக் கைவேலை சீக்கிரம் ஒழியாது என்றே எனக்குப் படுகிறது.

இயந்திரம் 'எதிர்ப்பு' என்று காட்டியதும் டெக்னீஷியன் அப்படியே எழுதிவிடுவதில்லை. அந்தக் குழாயிலிருந்து ஒரு துளியைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கிறார், ரத்த அகாரிலும் தடவி வைக்கிறார். வேறு ஏதாவது கிருமி புகுந்து வளர்ந்திருந்தால் இயந்திரத்துக்கு வித்தியாசம் தெரியாது. அப்படிப் புகுந்திருந்தால் அந்த நோயாளியின் கிருமியைத் தனியே பிரித்து வளர்த்து, சோதனையைப் புதிதாகத் தொடங்க வேண்டும்.