அம்மாவின் மாத்திரைகள்

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆகவே அம்மாவின் முடக்குவாத மருந்துச் சீட்டும் என் பொறுப்பே. மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு நாள் மட்டும். தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அந்த நாளை நாட்காட்டியில் வட்டமிட்டு வைப்பேன். பிரட்னிசோலோன் தினமும், உணவுக்குப் பின்.

சில இரவுகளில் அம்மாவின் கெண்டைக்காலில் குரக்களி பிடிக்கும். காலை நீட்டி, பாதத்தை மேல்நோக்கி மெல்ல மடக்கிப் பிடிப்பேன், சதை இளகும். பிறகு வெந்நீர் ஒத்தடம்.

“எல்லாம் இந்த மாத்திரையாலதான். நிறுத்திடுறேன்டா” என்றாள். பிரட்னிசோலோனைத் திடீரென நிறுத்தலாகாது என்று விளக்கி, மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தது. அம்மருந்து அதைக் குறைக்கக்கூடுமாம். அவர் அதற்கும் மருந்து எழுதினார்.

பொட்டாசியம், அணு எண் 19: தேர்வுக்கு மனனம் செய்தது. நண்பர்களே, வீட்டுப் பெரியவர்களின் மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்லுங்கள். நாம் கற்ற கல்வியின் முதற்பயன் அதுவே.

— இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)