விற்கப் போகிற வீட்டுக்கு வெள்ளை

பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள். வீட்டையே பார்க்க வருகிறார்கள் என்றால்? அதற்கும் அடிக்கத்தான் வேண்டும் என்றார் தரகர்.

"வாங்க வருகிறவன் வாசலில் நின்றே மனசுக்குள் ஒரு விலை போட்டுவிடுவான், சார். உள்ளே வருவதெல்லாம் அதைக் குறைக்கத்தான்."

அனுபவஸ்தர் வார்த்தை, தட்ட முடியுமா? 2018-ஆம் வருஷம் தை பிறந்ததும் ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன்.

கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமம். நாட்டு ஓடு வேய்ந்த வீடு. வாசலில் இரண்டு திண்ணை. அம்மா போன பிறகு இரண்டு வருஷம் பூட்டிக் கிடந்தது. பூட்டின வீட்டுக்கு, பல்செட்டைக் கழற்றி வைத்த கிழவரின் முகம் வந்துவிடுகிறது.

நான் பட்டணத்து யோசனைப்படி டப்பாப் பெயிண்டு வாங்கப் புறப்பட்டேன். கொத்தனார் பெரியவர் சிரித்தார்.

"தம்பி, இது சுண்ணாம்புச் சுவரு. மூச்சு விடும். இதுமேல பிளாஸ்டிக்கைப் போத்தினா, ஐப்பசி மழைக்கு அப்பளம் மாதிரி எழும்பிக்கும்."

பிறகு விசாரித்ததில் அவர் சொன்னது முழுக்க சாஸ்திரோக்தம் என்று தெரிந்தது. தரையிலிருந்து சுவரில் ஏறுகிற ஈரம் வெளிப்பக்கமாக ஆவியாகிப் போக வேண்டும். வழியை அடைத்தால் பூச்சைத் தள்ளிக் கொண்டு வரும்.

கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டார். உலை மாதிரி கொதித்தது. ஒரு ராத்திரி ஊறவிட்டு, அப்பாவின் பழைய வேட்டியில் வடிகட்டி, வஜ்ஜிரம் காய்ச்சி ஊற்றி, ஒரு சிட்டிகை நீலமும் சேர்த்தார். அடிக்கிற போது ஏமாற்று வேலை போலத்தான் இருந்தது. வெறும் தண்ணீரைத் தடவின மாதிரி. காயக் காயத்தான் வெளுப்பு ஏறுகிறது. காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு சுண்ணாம்பு மறுபடி கல்லாகிறதாம். மூன்றாம் பூச்சு காய்ந்த மாலையில், அடியில் காவிப் பட்டையும் தீட்டியானதும், தெருவில் நின்று பார்த்தேன். அம்மா உள்ளே இருக்கிறாள் என்றே தோன்றிவிட்டது. இந்த வீட்டையா விற்கிறோம்?

இனிச் சொல்லப் போவதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

மேற்குச் சுவரில், இறவாரத்துக்குக் கீழே, ஓர் அரசங்கன்று முளைத்திருந்தது. எந்தக் காக்கை போட்ட விதையோ! அதைச் சுற்றி விரல் நுழைகிற வெடிப்பு.

"நறுக்கிவிட்டுப் பூசிடுங்க. யாருக்குத் தெரியப் போகிறது?" என்றார் தரகர்.

"நறுக்கினா போவாது. வேரு உள்ளே கை நீளத்துக்குப் போயிருக்கு. அந்த இடத்தைப் பிரிச்சுக் கட்டணும்" என்றார் கொத்தனார்.

பிரித்துக் கட்ட ஒரு மாதமும் நிறையப் பணமும் ஆகும். "பூசிவிடுங்கள்" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை, பூசினார். கூலியை எண்ணி மடியில் செருகிக் கொள்ளும்போது மட்டும், "இந்தச் சுவரை எங்கப்பாதான் கட்டினாரு" என்றார்.

வக்கீலாக இருக்கிற அக்கா பிள்ளையிடம், யாரோ சிநேகிதருக்காகக் கேட்பது போலக் கேட்டேன். 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆவது பிரிவு: வாங்குகிறவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை, விற்கிறவருக்குத் தெரிந்திருந்தால், அவர் சொல்லியே ஆக வேண்டுமாம். "உங்க சிநேகிதர் கிட்ட சொல்லிடுங்க, மாமா" என்றான். குரலில் ஒரு சிரிப்பு.

மாசி மாதம் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் மனைவியோடு வந்தார். பணிக்கொடையாக வந்த பணம் முழுவதும் இதற்குத்தான் என்று, கேட்காமலே சொன்னார். அந்த அம்மாள் திண்ணையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தாள். எழுந்தபோது புடவைத் தோளெல்லாம் வெள்ளை. "எங்க பிறந்த வீட்டிலேயும் இப்படித்தான் ஒட்டும்" என்று தட்டிக்கூட விடாமல் சிரித்தாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஆசிரியரை மேற்குப் பக்கம் அழைத்துப் போய்ச் சொல்லிவிட்டேன்.

"தெரியும்" என்றார் அவர். "கொல்லையில் நறுக்கின அரசங்கன்று கிடந்தது. முளைத்த இடம் எது என்று நானே கேட்பதா, நீங்களாகச் சொல்வீர்களா என்றுதான் பார்த்துக் கொண்டிருந்தேன்."

ரிப்பேர்ச் செலவை விலையில் கழித்துக் கொண்டார்கள். பத்திரம் பதிகிற வரையில் தரகர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பங்குனியில் அதே கொத்தனார்தான் அந்த இடத்தைப் பிரித்துக் கட்டினாராம். முதலில் பூசினதற்கு என்னிடம் வாங்கின கூலியை அவர்கள் கணக்கில் கழித்துவிட்டாராம்.