அவசரப் பதிலும் எஃகுத் தொட்டியும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரசாயனத் தொட்டிகளைக் கழுவும் பணியிலுள்ள ஒருவர், மகனை அழைத்துச் செல்ல மதரஸாவிற்கு வந்தபோது வினவினார்: “ஹஜ்ரத், ஆட்டை அறுக்காமலே ஆய்வகத்தில் இறைச்சி வளர்க்கிறார்களாமே, அது ஹலாலா?” “அறுப்பில்லையேல் ஹராம்தான்” என்று உடனே கூறிவிட்டோம். அன்றிரவு அப்பதில் நம்மை உறுத்தியது. அறியாததை அறிந்ததுபோல் சொல்லிவிட்டோமே!

பின்னர்தான் தேடிப் படித்தோம். 2013-இல் மார்க் போஸ்ட் என்னும் டச்சு ஆய்வாளர் லண்டனில் அறிமுகப்படுத்திய முதல் பர்கருக்கு ஆன செலவு ஏறத்தாழ இரண்டரை இலட்சம் யூரோ. 2020-இல் சிங்கப்பூர் இவ்வகைக் கோழியிறைச்சியை விற்க அனுமதித்தது. ஆயினும் 2024-இல் அங்குக் கடைக்கு வந்த பொட்டலத்தில் வளர்த்த இறைச்சி 3 விழுக்காடே. எஞ்சியதில் பெரும்பகுதி தாவரப் புரதம்.

ஏன் இத்தனை அருமை? விலங்கின் உயிரணுவிற்குத் தாவர அணுவிற்குள்ளது போன்ற கடினச் சுவர் இல்லை. தொட்டி பெரிதானால் எங்கும் பிராணவாயு சேர வேகமாகக் கலக்க வேண்டும். வேகம் மிகுந்தால் அணு சிதையும். அதனினும் கொடிது கிருமி. ஆட்டின் உடலுக்கு நோயை எதிர்க்கும் ஆற்றலுண்டு. எஃகுத் தொட்டிக்கு ஏது? அணு ஒருமுறை பெருக ஏறத்தாழ ஒருநாள் ஆகும். பாக்டீரியாவோ அரைமணிக்குள் இரட்டிக்கும். சிறிது நுழைந்தாலும் தொட்டி முழுவதும் வீண்.

மார்க்கச் சிக்கலும் அத்தொட்டிக்குள்தான் இருக்கிறது. அணுக்களுக்கு நெடுங்காலம் ஊட்டமானது, அறுக்கப்பட்ட சினைப்பசுவின் கருவிலிருந்து எடுக்கும் இரத்தச் சீரம். இரத்தம் நமக்கு விலக்கப்பட்டதன்றோ! விலை மிகுதியாலும் சீரமில்லா ஊட்டத்தைத் தேடுகின்றனர். உயிருள்ள பிராணியிலிருந்து வெட்டியது செத்ததற்கு ஒப்பென நபிமொழி உண்டாதலால், அணு எடுக்கும் முறையும் கேள்விக்குரியதே. 2023-இல் சவூதி அறிஞர் மூவர், முறைப்படி அறுத்த பிராணியின் அணுவாயிருத்தல் வேண்டும் என்றனர். 2024 பிப்ரவரியில் சிங்கப்பூரின் முயிஸ் ஃபத்வாக் குழு, ஆகுமான பிராணியின் அணுவும் தூய பொருட்களுமாயின் ஹலாலாகலாம் என்றது. ஆக, நம் ஒற்றைச்சொல் தீர்ப்பு பிழையே.

மறுவாரம் அவரிடம் அதை ஒப்புக்கொண்டோம். தொட்டிக் கதையை நம்மைவிட விரைவாக அவர் புரிந்துகொண்டார்: “கழுவின தொட்டியிலும் வால்வு இடுக்கில் ஏதாவது தங்கும், ஹஜ்ரத்.” கொச்சியின் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 2024-இல் மீனிறைச்சியை இவ்வாறு வளர்க்கும் முயற்சியைத் தொடங்கியதையும், மீனுக்கு அறுப்பே தேவையில்லையாதலால் அங்குச் சிக்கல் குறைவென்பதையும் சொன்னோம்.

“அப்படியானால் பழவேற்காட்டில் வலை இழுக்கிறவர்கள் என்ன செய்வார்கள்?” என்றார்.

இம்முறை நாம் உடனே பதில் சொல்லவில்லை.