‘செல்… செல்!’ - ஓக்லாந்து மைதானத்தில் எழுந்த ஓர் ஊரின் குரல்

சான் ஃபிரான்சிஸ்கோவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் கோல்டன் கேட் பாலத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். வளைகுடாவின் எதிர்க்கரையில் இருக்கும் ஓக்லாந்தைப் பெரும்பாலானோர் தங்கள் பட்டியலில் சேர்ப்பதில்லை. துறைமுகத்தில் வரிசையாக நிற்கும் ராட்சத கிரேன்கள், கண்டெய்னர் லாரிகள், ஷிஃப்ட் முடிந்து திரும்பும் தொழிலாளர்கள் என்று அது உழைப்பாளிகளின் ஊர்.

அந்த ஊரில் ரயில் பாதையை ஒட்டி ஒரு பழைய கான்கிரீட் மைதானம் இருக்கிறது. பெயர் கொலிசியம். பேஸ்பால் பற்றி எதுவும் தெரியாதவர்கள்கூடப் போய்ப் பார்க்கலாம். ‘ஒரு விளையாட்டு அணி யாருக்குச் சொந்தம்? பணம் போட்டு வாங்கியவருக்கா, பரம்பரை பரம்பரையாகக் கைதட்டிய ஊருக்கா?’ என்ற கேள்வியை, அமெரிக்கா முழுக்கக் கேட்கும்படி சத்தமாகக் கேட்ட இடம் இது.

பள்ளத்தில் ஒரு மைதானம்

‘பார்ட்’ எனப்படும் மின்சார ரயிலில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஏறினால், கடலுக்கு அடியில் போகும் சுரங்கம் வழியாக அரை மணி நேரத்துக்குள் கொலிசியம் ஸ்டேஷன் வந்துவிடும். அங்கிருந்து தண்டவாளங்களுக்கு மேலே ஒரு நீண்ட நடைபாலம். ஆட்டம் நடக்கும் நாட்களில் அந்தப் பாலமே ஒரு சந்தைதான். ஹாட் டாக், வேர்க்கடலை, தண்ணீர் பாட்டில், தொப்பி என்று இரு பக்கமும் விற்பார்கள். பாலத்தைக் கடந்தால் கம்பி வேலி, பிறகு சாம்பல் நிறத்தில் வட்டமான அரங்கம். அழகு என்று சொல்லிவிட முடியாது.

1966-ல் திறக்கப்பட்ட இந்த அரங்கத்தின் ஆடுகளம் கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கிறது. அதன் பலனை எல்லோரும் அனுபவித்தார்கள். 2013-ல் ஒரு நாள் கழிவுநீர் வீரர்களின் அறைக்குள்ளேயே பொங்கி வர, இரண்டு அணி வீரர்களும் ஆட்டம் முடிந்து மேல் தளத்தில் இருந்த ஒரே அறையில் குளிக்க வேண்டியதாயிற்று.

ஒரு காலத்தில் இங்கே உட்கார்ந்தால் தூரத்தில் ஓக்லாந்து மலைகள் தெரியும். ரெய்டர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி 1995-ல் ஊர் திரும்பியபோது, அதற்காக உயரமான இருக்கை அடுக்கு ஒன்றைக் கட்டினார்கள். மலைகள் மறைந்தன. 2020-ல் ரெய்டர்ஸ் லாஸ் வேகாஸுக்குக் கிளம்பிப் போனது. அந்தக் கட்டடத்துக்காக வாங்கிய கடனை மட்டும் ஊரும் மாவட்டமும் தொடர்ந்து கட்டிக்கொண்டிருந்தன. அதற்கு முந்தைய ஆண்டுதான் கூடைப்பந்து அணியான வாரியர்ஸ், பாலம் தாண்டி சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்திருந்தது. மிச்சம் இருந்தது பேஸ்பால் அணி ஒன்றுதான்.

பச்சையும் தங்கமும்

அந்த அணி ஓக்லாந்து அத்லெடிக்ஸ். செல்லமாக ‘ஏஸ்’. பிலடெல்பியாவில் 1901-ல் பிறந்து, கன்சாஸ் சிட்டி போய், 1968-ல் ஓக்லாந்து வந்து சேர்ந்தது. வந்த ஊருக்கு வஞ்சனை செய்யவில்லை. 1972, 73, 74 என்று தொடர்ந்து மூன்று முறை ‘வேர்ல்டு சீரிஸ்’ கோப்பையை வென்றது. நான்காவது கோப்பை 1989-ல். வளைகுடாவின் இரு கரை அணிகளும் மோதிய அந்தத் தொடரின் நடுவில்தான் பெரிய நிலநடுக்கம் வந்து ஆட்டங்கள் பத்து நாள் நின்றுபோயின.

பேஸ்களைத் திருடி ஓடுவதில் இன்றுவரை யாரும் நெருங்க முடியாத ரிக்கி ஹெண்டர்சன் இந்த ஊரில் வளர்ந்த பிள்ளை. மொத்தம் 1,406 திருட்டுகள்! இந்த மைதானத்தின் ஆடுகளத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். பிராட் பிட் நடித்த ‘மணிபால்’ படம் பார்த்தவர்களுக்கு ஏஸ் புதிதல்ல. குறைந்த சம்பளப் பட்டியலை வைத்துக்கொண்டு 2002-ல் தொடர்ந்து 20 ஆட்டங்களை வென்ற அணி அது. கிரிக்கெட் ரசிகர்கள் எழுந்து உட்கார்ந்து அரங்கத்தைச் சுற்றிவரச் செய்யும் ‘அலை’ இருக்கிறதே, அதுகூட 1981-ல் முதன்முதலில் இங்கேதான் எழுந்தது என்பது ஓக்லாந்துக்காரர்களின் வாதம். சியாட்டில்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

வலதுபுறக் கடைக்கோடி வரிசைகள்தான் ஏழைகளின் கோட்டை. மேளம், மாட்டு மணி, பெரிய கொடிகள், கையால் எழுதிய பேனர்கள் என்று அந்த மூலை எப்போதும் அதிரும்.

தோற்றாலும் நஷ்டமில்லை

2005-ல் அணி 18 கோடி டாலருக்குக் கைமாறியது. வாங்கிய குழுவில் முக்கியமானவர் ஜான் ஃபிஷர். ‘கேப்’ துணிக்கடை நிறுவனத்தைத் தொடங்கிய தம்பதியின் மகன். பழைய மைதானம் தாங்காது, புதியது வேண்டும் என்பது அவர் தரப்பின் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஃப்ரீமான்ட், சான் ஹோசே, ஓக்லாந்து துறைமுகக் கரை என்று ஒவ்வொரு இடமாகத் திட்டம் போடப்பட்டது. எதுவும் கைகூடவில்லை. இடையில் ‘ஓக்லாந்தில் வேரூன்றியவர்கள்’ என்பதையே அணி தன் விளம்பர வாசகமாகவும் வைத்துக்கொண்டது.

2018 முதல் 2020 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பிளே ஆஃப் சுற்றுக்குப் போன நல்ல அணி அது. ஆனால் 2022 சீசன் தொடங்கும் முன்பே மேட் ஓல்சன், மேட் சாப்மன், கிறிஸ் பாசிட், ஷான் மனேயா என்று ஒவ்வொருவராக வேறு அணிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். சம்பளச் செலவு குறைந்தது. டிக்கெட் விலையோ ஏறியது. அந்த ஆண்டு 102 தோல்விகள். அடுத்த ஆண்டு இன்னும் மோசம். 2023-ல் 162 ஆட்டங்களில் 112 தோல்வி. அதாவது மூன்று முறை மைதானத்துக்கு வந்தால், இரண்டு முறையாவது தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் வீடு திரும்ப வேண்டும்.

தோற்றால் முதலாளிக்கும் நஷ்டம்தானே என்று தோன்றும். இங்கேதான் அமெரிக்க பேஸ்பாலின் கணக்கு வேறு. ஐரோப்பியக் கால்பந்தில் கடைசி இடங்களில் இருக்கும் அணிகள் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படும். இங்கே அது கிடையாது. மொத்தம் 30 அணிகள். எவ்வளவு தோற்றாலும் அந்த 30-ல் ஒன்றுதான். தேசிய அளவிலான டி.வி. உரிமைப் பணம் எல்லோருக்கும் பங்கு வரும். பெரிய அணிகளின் வருமானத்தில் ஒரு பகுதி சிறிய அணிகளுக்குப் போகும். அணியின் விலையும் ஏறிக்கொண்டே இருக்கும். 18 கோடிக்கு வாங்கிய ஏஸ் அணியின் மதிப்பு, 2023-ல் ‘ஃபோர்ப்ஸ்’ கணிப்பின்படி 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

தோல்வி முழுக்க ரசிகர்களுக்கு. லாபம் முழுக்க முதலாளிக்கு. கோபம் அங்கேதான் ஊறியது.

காலியாக்காமல் நிரப்பினார்கள்

2023 ஏப்ரலில், லாஸ் வேகாஸில் நிலம் பார்த்தாகிவிட்டது என்ற செய்தி வந்தது. வெறுத்துப்போன ரசிகர்கள் மைதானத்துக்கு வருவதையே நிறுத்தினார்கள். மே மாதம் ஓர் ஆட்டத்துக்கு வந்தவர்கள் வெறும் 2,064 பேர். அந்தக் காலி நாற்காலிகளே ரசிகர்களுக்கு எதிரான சாட்சியாக மாறின. ‘பாருங்கள், இந்த ஊரில் பேஸ்பால் பார்க்க ஆளில்லை’ என்ற பேச்சுக்கு அது வசதியாகப் போயிற்று.

அப்போதுதான் ஒரு ரசிகருக்கு அந்த யோசனை வந்தது. எதிர்ப்பைக் காட்ட எல்லோரும் புறக்கணிப்பார்கள்; இவர்கள் அதைத் தலைகீழாக்கினார்கள். ஒரே ஒரு நாள், அத்தனை பேரும் வர வேண்டும். ‘ரிவர்ஸ் பாய்காட்’ என்று அதற்குப் பெயர். ஜூன் 13, செவ்வாய்க்கிழமை என்று நாள் குறித்தார்கள். ரசிகர் குழுக்கள் பணம் திரட்டி ஆயிரக்கணக்கில் பச்சைச் சட்டைகளை அச்சடித்து இலவசமாகக் கொடுத்தன. சட்டையில் ஒரே ஒரு சொல்: ‘செல்’. ஆங்கிலத்தில் ‘விற்றுவிடு’ என்று அர்த்தம். தமிழில் படித்தால் ‘போ’ என்று வரும். ஓக்லாந்து ரசிகர்கள் முதலாளியிடம் சொல்ல நினைத்ததற்கு இரண்டுமே பொருந்தும். அணியை விற்றுவிட்டு நீங்கள் போங்கள்; அணி இங்கேயே இருக்கட்டும்.

அன்று மாலை கொலிசியம் கார் நிறுத்துமிடம் திருவிழாவாக இருந்தது. அடுப்பில் கறி வெந்தது. தாத்தாக்கள் பேரப்பிள்ளைகளுக்குப் பழைய கோப்பைகளின் கதை சொன்னார்கள். உள்ளே 27,759 பேர். எதிரணியான டம்பா பே ரேஸ், அந்த நேரத்தில் வெற்றிக் கணக்கில் எல்லோருக்கும் முன்னே நின்ற அணி.

ஐந்தாவது இன்னிங்ஸ் தொடங்கியதும் அரங்கமே அமைதியானது. முதல் மட்டைக்காரர் ஆடி முடிக்கும் வரை ஒரு சத்தமில்லை. பிறகு ஒரே குரலாக வெடித்தது: ‘அணியை விற்றுவிடு! அணியை விற்றுவிடு!’

ஊரே சிரித்த அந்த அணி அன்று 2-1 என்று ஜெயித்தது. அதுவும் தொடர்ந்து ஏழாவது வெற்றி! ஆட்டம் முடிந்ததும் சிலர் பாட்டில்களைக் களத்தில் எறிந்தார்கள். மற்றபடி அது கோபத்தைக் கொண்டாட்டமாக மாற்றிய இரவு. அன்றைய டிக்கெட் பணம் 8 லட்சம் டாலருக்கு மேல். அதைத் தர்ம காரியங்களுக்குக் கொடுப்பதாக அணி நிர்வாகம் அறிவித்தது.

ஆனால் அதே நாளில் நெவாடா மாநில செனட், புதிய மைதானத்துக்கு 38 கோடி டாலர் வரை பொதுப் பணம் தரும் மசோதாவை நிறைவேற்றியது. இரண்டு நாளில் கவர்னர் கையெழுத்தும் விழுந்தது. நவம்பரில் அணிகளின் முதலாளிகள் ஓட்டுப் போட்டார்கள். இடமாற்றத்துக்கு 30 ஓட்டு, எதிர்ப்பு பூஜ்யம். அந்த ஓட்டெடுப்பில் ரசிகர்களுக்கு இடம் கிடையாது.

ஒரு பிடி மண்

2024 செப்டம்பர் 26, வியாழக்கிழமை. கொலிசியத்தில் ஏஸ் ஆடிய கடைசி ஆட்டம். 46,889 பேர் வந்து அரங்கத்தை நிரப்பினார்கள். ரிக்கி ஹெண்டர்சனும் டேவ் ஸ்டூவர்ட்டும் முதல் பந்தை எறிந்து தொடங்கி வைத்தார்கள். டெக்ஸஸ் ரேஞ்சர்ஸை 3-2 என்று வென்று அணி விடைபெற்றது. பயிற்சியாளர் மார்க் காட்சே ஒலிபெருக்கியைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு, ‘லெட்ஸ் கோ ஓக்லாந்து’ என்று கடைசியாக ஒரு முறை முழங்கவைத்தார். அதற்கு முன்பே, ஓக்லாந்தில் இருக்கவே முயன்றோம், முடியவில்லை, மன்னியுங்கள் என்ற பொருளில் ஃபிஷர் ஒரு கடிதம் எழுதியிருந்தார். அது யாரையும் சமாதானப்படுத்தவில்லை.

ஆட்டம் முடிந்தும் கூட்டம் கலையவில்லை. மைதான ஊழியர்கள் களத்து மண்ணை அள்ளிக் கொடுக்க, ரசிகர்கள் கோப்பைகளிலும் பாட்டில்களிலும் வாங்கிக்கொண்டு போனார்கள். டிசம்பரில் ரிக்கி ஹெண்டர்சனும் காலமானார்.

இப்போது ஏஸ், சேக்ரமெண்டோ நகரை ஒட்டி, சுமார் 14,000 பேர் மட்டுமே அமரக்கூடிய சின்ன மைதானத்தில் ஆடுகிறது. கொலிசியம் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் சேக்ரமெண்டோவுக்கே போய்விடலாம். அணியின் பெயரில் இப்போது எந்த ஊரும் இல்லை, வெறும் ‘அத்லெடிக்ஸ்’. 2028-ல் லாஸ் வேகாஸ் என்று திட்டம்.

பங்காளிகளின் பூங்கா

ஓக்லாந்து அதோடு சோர்ந்துவிடவில்லை. பயணிகள் அவசியம் பார்க்க வேண்டிய இன்னொரு இடம், மேற்கு ஓக்லாந்தில் இருக்கும் ராய்மாண்டி பூங்கா. இரண்டாம் உலகப் போரில் உயிரிழந்த உள்ளூர் பேஸ்பால் வீரரின் பெயர் அதற்கு. 2024-ல் இங்கே ‘ஓக்லாந்து பாலர்ஸ்’ என்ற புதிய அணி பிறந்தது. சிறிய லீக், சில ஆயிரம் இருக்கைகள், அதே பச்சையும் தங்கமும். அணியின் பங்குகளை ரசிகர்களுக்கே விற்றார்கள். 2025-ல் அந்த லீக்கின் கோப்பையையும் வென்றார்கள். 1989-க்குப் பிறகு ஊருக்கு வந்த முதல் பேஸ்பால் கோப்பை அது.

இதே வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் படித்தவர்தான் கர்ட் ஃபிளட். தன்னைக் கேட்காமல் வேறு அணிக்கு மாற்றியதை 1969-ல் ஏற்க மறுத்து, வீரன் வாங்கி விற்கும் சொத்து அல்ல என்று சுப்ரீம் கோர்ட் வரை போனவர். 1972-ல் வழக்கில் தோற்றார். ஆனால் சில ஆண்டுகளிலேயே வீரர்கள் தங்கள் அணியைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை வந்துவிட்டது. வீரர்களுக்காக அவர் கேட்ட கேள்வியைத்தான் பச்சைச் சட்டைக்காரர்கள் ஊருக்காகக் கேட்டார்கள்.

ராய்மாண்டி பூங்காவிலும் பாலர்ஸ் தோற்கும் நாட்கள் உண்டு. அன்றைக்கும் ரசிகர்கள் முதலாளியைத் திட்டலாம். ஒரே ஒரு சிக்கல்தான்: பங்கு வாங்கியவராக இருந்தால், திட்டில் ஒரு பங்கு அவருக்கும் வந்து சேரும்.