மகளுடைய சுவரில் இரண்டு துளை

கல்முனையிலிருந்து நற்பிட்டிமுனை, சேனைக்குடியிருப்பு கடந்து கிட்டங்கித் தாம்போதியால் மேற்கே போனால் நாவிதன்வெளி. மாரியில் அந்தத் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும், பெட்டி பூட்டிய உழவு இயந்திரத்தில்தான் சனம் அக்கரை போகும். நான் போனது வேளாண்மை வெட்டுக் காலம். றோட்டு முழுக்க நெல் லொறியும் கொம்பைன் மெசினும். அவற்றின் அதிர்வுக்கும் நான் தேடிப்போன விசயத்துக்கும் தொடர்பு உண்டென்பது போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

தேடிப்போனது சோகேஸ் செய்யும் ஓடாவி ஒருவரை. இந்தக் கரையில் ஹோலில் சோகேஸ் இல்லாத வீடு குறைவு. சவூதி, கட்டார், துபாய் என்று போனவர்கள் கொண்டுவந்த கண்ணாடிப் பொருள்களின் களஞ்சியம் அது. கஃபா உருவம் பொறித்த கண்ணாடிக் கட்டி, அத்தர்க் குப்பிகள், பொன்வரி போட்ட தேநீர்க் கோப்பைகள், நீலக் கண்ணாடி அன்னம், உம்மம்மா காலத்துப் பன்னீர்ச் செம்பு எல்லாம் அதற்குள் இருக்கும். தமிழர் வீடென்றால் அதே தட்டில் கண்ணாடிப் பிள்ளையார். விருந்தாளிக்கு அந்தக் கோப்பையில் தேநீர் வராது. எடுத்துப் புழங்காத பொருளென்பதால் இருபது வருடமானாலும் உடையாமல் இருக்கிறது, உடைந்தால் ஒரேயடியாகத்தான் உடையும்.

பட்டறை சவளக்கடைப் பக்கம். ஓடாவிக் காக்காவுக்கு அறுபது தாண்டியிருக்கும். கூட வேலை செய்பவர் கட்டாரில் அலுமினிய வேலை பார்த்துத் திரும்பிய இளைஞர். மரச்சட்டம் காக்காவுக்கு, கண்ணாடி இளைஞருக்கு என்று பங்கு பிரித்திருந்தார்கள். தேடிப்போன விசயத்தைக் கேட்டேன்: பூமியதிர்ச்சி வந்தால் சோகேஸ் என்னவாகும்? இளைஞர் சிரித்தார். காக்கா சிரிக்கவில்லை.

"தம்பி, பூமியாட்டம் எங்க வரப்போற? லொறி போற ஆட்டமே போதும். கண்ணாடித் தட்டில வெச்ச கோப்ப நடக்கும். ஒரு வருசத்துல ஓரத்துக்கு வந்து நிக்கும். ஆரோ எடுத்து வெச்ச எண்டு ஊட்டுக்காரர் பிள்ளையளப் பேசுவாங்க."

வழுக்கும் கண்ணாடியில் வழுக்கும் கண்ணாடியை வைத்தால் சின்ன அதிர்வும் இம்மி இம்மியாக நகர்த்தும். அதற்காகத் தட்டின் முன்விளிம்பில் அரை அங்குல உயரத்துக்கு மெல்லிய பட்டி ஒன்றை அவர் ஒட்டிவிடுகிறார். வாங்குகிறவர்கள் அதை அலங்காரம் என்று நினைக்கிறார்களாம்.

நிலம் ஆடாத ஊர் என்று முற்றாகச் சொல்லவும் முடியாது. இலங்கை புவித்தட்டின் விளிம்பில் இல்லை, உள்ளே இருக்கிறது. ஆனாலும் 2018 செப்டெம்பரில் திருகோணமலையில் நிலம் அதிர்ந்தது. 2020 ஆகஸ்டில் கண்டியின் திகனப் பக்கம் அதிர்ந்து வீட்டுச் சுவர்கள் வெடித்தன. புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அதிர்வுமானிகளில் ஒன்று இதே அம்பாறை மாவட்டத்தின் புத்தங்கலையில் இருக்கிறது. 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் அதிர்ந்தபோது, சுனாமி எச்சரிக்கை கேட்டுக் கரையோரச் சனம் மேற்கே ஓடியது. ஓடியவர்களுக்கு 2004 மறந்திருக்கவில்லை. அந்த டிசம்பர் 26, இலங்கை நேரம் காலை 6.58க்குச் சுமாத்திராவில் நிலம் அசைந்தது. இரண்டு மணித்தியாலம் ஆகுமுன் கடல் இங்கே வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் இறந்தார்கள். சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் சோகேஸை நிலம் ஆட்டவில்லை, தண்ணீர் தூக்கிக்கொண்டு போனது. வீடே போன இடத்தில் கோப்பையைப் பற்றிப் பேச ஆளில்லை. ஆகவே கண்ணாடியைக் காப்பதென்ற பேச்சு இங்கே கொஞ்சம் கூச்சத்தோடுதான் வரும். எனக்கும் வந்தது.

ஆனால் காக்காவின் கவலை கோப்பையைப் பற்றியதல்ல. அலுமாரியைப் பற்றியது. ஆறடி உயரம், ஓரடி ஆழம், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. கணக்கு எளிது. பாரம் சமமாகப் பரவியிருந்தால், புவியீர்ப்பின் ஆறில் ஒரு பங்கு அளவு கிடையாக முன்னே தள்ளினாலே பின்கால் நிலத்தை விட்டுக் கிளம்பும். மேல்தட்டில் கனமான பொருள் இருந்தால் அதுவும் வேண்டாம். கீழ் இழுப்பறையைப் பிடித்து ஏறும் மூன்று வயதுப் பிள்ளை போதும். இதனால்தான் பீங்கான் அடுக்குகளைக் கீழ்த்தட்டில் வைக்கச் சொல்கிறார். "கேக்க மாட்டாங்க. பெரிய சாமான் மேல இரிந்தாத்தான் வாசலால பாக்கத் தெரியும்."

அவர் சொன்னபோது எனக்கு பெய்ரூட் ஞாபகம் வந்தது. 2020 ஆகஸ்ட் 4இல் துறைமுகம் வெடித்தபோது, கிலோமீற்றர் கணக்கில் தள்ளியிருந்த அமெரிக்கப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் ஒரு கண்ணாடிப் பேழை அப்படியே சரிந்தது. உள்ளே உரோமர், பைசாந்தியர், இஸ்லாமியர் காலத்துக் கண்ணாடிப் பாத்திரங்கள் 74. ஏறக்குறைய எல்லாமே நொறுங்கின. பழைய கண்ணாடித் துண்டும் பேழையின் புதுக் கண்ணாடித் துண்டும் கலந்து கிடந்ததில் எது எதென்று பிரிப்பதே தனி வேலையாகிப் போனது. அவற்றில் எட்டுப் பாத்திரங்களை இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒட்டியெடுத்தார்கள். இதைச் சொன்னதும் காக்கா கேட்ட முதற்கேள்வி: "செவரோட பூட்டல்லியா?"

பூட்டுவது எப்படி என்று அவர் காட்டியதுதான் இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம். இங்குள்ள சுவர்கள் பெரும்பாலும் சீமெந்துப் புளொக். பலதும் உள்ளே பொள்ளல். சாந்துப் பூச்சில் மட்டும் ரோல் பிளக் இறக்கி ஸ்குரூ முடுக்கினால் கையால் இழுத்தாலே பூச்சோடு வரும். காக்கா ஒரு சுத்தியல் காம்பால் சுவரைத் தட்டிக்கொண்டே போவார். சத்தம் மாறும் இடம் கொங்கிறீட். அங்கேதான் துளை. அலுமாரியின் உச்சியில், முன்னால் நின்றால் தெரியாதபடி இரண்டு எல் வடிவத் தகடு. பக்கத்துப் பலகையில் அல்ல, பின்சட்டத்தின் கட்டையில் முடுக்க வேண்டும். எம்.டி.எப் பலகையில் முடுக்கிய ஸ்குரூ பாரம் வந்தால் தும்பாகப் பிய்ந்துவிடும். இரண்டு சோகேஸ் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அவற்றை ஒன்றோடொன்றும் பிணைக்க வேண்டும், இல்லையென்றால் ஆடும்போது ஒன்றையொன்று இடிக்கும்.

கண்ணாடிக்காரத் தம்பிக்குத் தன் பக்கத்து நியாயம் இருந்தது. அலுமாரி நின்றாலும் கதவு திறந்தால் சாமான் வெளியே வரும். காந்தக் கொளுவி பாரத்துக்கு நிற்காது, சின்னக் கொக்கி வேண்டும். இழுவைக் கதவென்றால் அந்தப் பயம் குறைவு. டெம்பர் கண்ணாடி உடைந்தால் கற்கண்டு போல உதிரும், சாதாரணக் கண்ணாடி வாள் வாளாக விழும். விலை கேட்டதும் பெரும்பாலானோர் சாதாரணத்துக்கே வருவார்கள். பழைய கண்ணாடியில் ஒளிபுகும் தாள் ஒட்டினால் துண்டுகள் சிதறாது என்றார்.

உள்ளே உள்ள சாமானுக்கு உலகம் முழுக்க வழிகள் இருக்கின்றன. லொஸ் ஏஞ்சலிஸின் கெட்டி அருங்காட்சியகம் நிலத்தோடு சேர்ந்து ஆடாமல் வழுக்கி நிற்கும் பீடங்களைச் செய்து சிலைகளை அதன்மேல் நிறுத்தியது. அது நமக்கில்லை. ஜப்பானிய அருங்காட்சியகங்கள் செய்வது நமக்குக் கைக்கெட்டும்: மீன்பிடி நைலோன் இழையால் குடுவையின் கழுத்தைச் சுற்றி, நான்கு புறமும் இழுத்துப் பீடத்தில் கட்டிவிடுகிறார்கள். இரண்டடி தள்ளி நின்றால் இழை கண்ணுக்குத் தெரியாது. கல்முனையில் அந்தத் தங்கூசி இழை விற்காத மீன்வலைக் கடை உண்டா? ஒடுங்கிய அடியுள்ள பூச்சாடிக்குள் ஒரு பையில் மணலைப் போட்டு இறக்கினால் பாரம் கீழே இறங்கிவிடும். சின்னப் பொருள்களின் அடியில் கடலையளவு மெழுகை உருட்டி ஒட்டலாம். மேல்நாட்டில் இதற்கென்றே பெற்றோலிய மெழுகு விற்கிறார்கள், முறுக்கி எடுத்தால் கண்ணாடிக்குச் சேதமில்லை. மெழுகுதிரி மெழுகு உதவாது, வெடித்துக் கழன்றுவிடும். மீன்தொட்டி ஒட்டும் சிலிக்கன் நன்றாகவே பிடிக்கும், ஆனால் பிறகு எடுக்கப்போனால் பொருளின் அடி உடையும். பன்னீர்ச் செம்பில் அதைப் பூசியிருந்த ஒரு வீட்டைப் பார்த்தேன். தட்டோடு சேர்த்துத்தான் இனி அதைத் தூக்கலாம்.

இவ்வளவும் தெரிந்த காக்கா தான் செய்த சோகேஸ்களில் எத்தனையைச் சுவரோடு பூட்டியிருக்கிறார்? "விரல்விட்டு எண்ணலாம்" என்றார். வேலைக்கு அரை மணித்தியாலமும் போகாது, தகடும் ஸ்குரூவும் பெரிய காசில்லை. பின் ஏன்?

காரணத்தை ஒரு வீட்டில் கண்டேன். புதுச் சோகேஸ் இறக்க அவர்களோடு போயிருந்தேன். புதிதாக வெள்ளை பூசிய சுவர். காக்கா துளைக்கும் மெசினை எடுத்ததும் வீட்டு உம்மா தடுத்தார். வீடு மகளுக்கு எழுதியாயிற்று, கலியாணம் பேசி முடிந்துவிட்டது. இந்தக் கரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான வழக்கம் இது. வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார், பெற்றோர் பக்கத்தில் ஒரு சிறுவீடு கட்டி ஒதுங்குவார்கள். சுவரோடு சேர்ந்தது சுவரோடு போகும் என்பது எழுதாத சட்டம். சோகேஸில் தகடு ஏறினால் அதுவும் உள்ளிருக்கும் முப்பது வருடச் சேகரமும் மகளுக்கென்று ஆகிவிடும். மூத்த பெண்ணுக்குப் போனால் இளையவள் கேட்பாள். ஆகவே அலுமாரி சும்மா நிற்க வேண்டும், நாளைக்கு எந்த வீட்டுக்கும் தூக்கிப்போகத் தோதாக. பூமியதிர்ச்சி பற்றி ஒருவரும் விளக்கிச் சொல்லாததால் பூட்டாமல் விடுகிறார்கள் என்று நான் நினைத்துப் போனது பாதிதான் சரி.

காக்காவுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. "உம்மா, ஸ்குரூவ முடுக்கினா கழட்டவும் ஏலும்தானே. நீங்க போற அண்டைக்கு நான் வந்து கழட்டித் தாறன். ஓட்ட ரெண்டும் செவர்லதான் இரிக்கும், அலுமாரிக்கு ஒண்டுமில்ல. அது மகள்ட செவரு, நல்லா இரிக்கட்டும்."

மகள் உள்ளறையிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். "துளைங்க காக்கா. அதுல சின்னம்மாட பிள்ளையள்தான் நெதமும் ஏறுவாங்க."

உம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, கழட்ட வரும் நாளுக்குத் தனிக்கூலி கேட்பீர்களா என்று விசாரித்தார். காக்கா கேட்பேன் என்றார். அதற்கும் ஒரு பேரம் நடந்தது.